மலையகத்து ஈரத்தில் பழைய ஷேவிங் பிரஷ்ஷைச் சீராக்குவது எப்படி?

மலைநாட்டு வீடுகளுக்குப் பழைய ஷேவிங் பிரஷ் வந்து சேரும் வழிகள் சில உண்டு. பங்களாவில் வேலை பார்த்த தாத்தாவிடம் துரை விட்டுச்சென்றதாக இருக்கலாம். ஊரில் சலூன் மூடப்பட்டபோது யாரோ எடுத்துவைத்ததாக இருக்கலாம். கண்டியில் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததாகவும் இருக்கலாம். எப்படி வந்தாலும் கோலம் ஒன்றுதான்: மயிர் ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் வெள்ளையாகச் சவர்க்காரம் இறுகி, கைப்பிடி மங்கி, முகர்ந்தால் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷில் நிலைக்கிற சொத்து கைப்பிடிதான். மயிர் தேய்ந்து தீர்கிற பொருள். தாத்தாவின் பிரஷ் என்பதற்காக அவர் காலத்து மயிரையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று பலர் பாடுபடுகிறார்கள். அது தேவையில்லாத பாடு. மயிர் நன்றாக இருந்தால் கழுவுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். இந்த முடிவைச் சரியாக எடுத்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமை சார்ந்த வேலைதான்.

எந்த மயிர், எந்தக் காலம்

பழைய பிரஷ்களில் நான்கு வகை மயிர் வரும். பேட்ஜர் என்ற விலங்கின் மயிர் நுனியில் வெளுத்து, நடுவில் கறுத்து, அடியில் மறுபடியும் வெளுத்திருக்கும். நுனி இயல்பாகவே மெலிந்து முடியும். பன்றி மயிர் தடிப்பானது, விறைப்பானது, மஞ்சள் சாயல் கொண்டது. பாவிக்கப் பாவிக்க அதன் நுனி இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். அதைப் பழுது என்று எண்ண வேண்டாம், பிளந்த பிறகுதான் அது முகத்துக்கு மென்மையாகிறது. குதிரை மயிர் இவை இரண்டுக்கும் நடுவே நிற்கும், வழவழப்பாகவும் ஓரளவு ஒரே தடிப்பாகவும் இருக்கும். நான்காவது நைலோன்.

பன்றி மயிருக்கு நடுவில் கறுப்புச் சாயம் பூசி பேட்ஜர் போலக் காட்டுவது பழைய வியாபாரத் தந்திரம். எல்லா மயிரிலும் கறுப்புப் பட்டை ஒரே மட்டத்தில், கோடு போட்டாற்போலத் தொடங்கி முடிந்தால் அது சாயமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பன்றி மயிரைத் தொட விரும்பாத குடும்பங்களுக்கு இந்த அடையாளம் முக்கியம்.

சந்தேகம் தீரவில்லையா? ஒரேயொரு மயிரைப் பிடுங்கி, பிரஷ்ஷைத் தூர வைத்துவிட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுங்கள். உண்மையான மயிர் பொசுங்கி, கருகிய முடி நாறும், சாம்பலை விரலால் நசுக்கலாம். நைலோன் உருகிக் குண்டுமணியாகத் திரண்டு இறுகும்.

அடுத்தது வயது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்கப்படாத குதிரை மயிர் பேட்ஜருக்கு மாற்றாக மலிவு பிரஷ்களில் புகுந்தது. அவற்றால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படையினருக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் தொற்றியது, சிலர் இறந்தும் போனார்கள். 1920இல் பிரித்தானியா ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களின் இறக்குமதியையே தடை செய்தது. அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் விழிக்கக் கூடியவை. ஷாம்பூவுக்கோ ஸ்பிரிட்டுக்கோ அவை சாகா. கொதிக்கவைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடு மயிரைக் கெடுக்கும், வித்துகள் எல்லாம் அதில் செத்துவிடும் என்று நம்பவும் முடியாது.

இன்றைக்கு இந்த அபாயம் மிகச் சிறியது. ஆனாலும் பிளேடு பட்ட முகத்தில் தேய்க்கிற பொருள் இது. ஆகவே என் விதி எளிமையானது: பிரஷ் 1930க்கு முந்தியது என்று தோன்றினால் மயிரைக் கழுவிப் பார்க்கவே வேண்டாம், நேரே மாற்றுங்கள். கைப்பிடியில் ‘ஸ்டெரிலைஸ்ட்’, அதாவது கிருமி நீக்கியது என்று பொறித்திருந்தாலும் அதுதான் விதி. அத்தகைய மயிரை உலர்ந்த நிலையில் சீவவோ ஊதவோ கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சவர்க்காரத் தண்ணீரில் நன்றாக நனைத்த பிறகே வெட்டி, பொலிதீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கைப்பிடி எதனால் ஆனது

தண்ணீர், சூடு, ஸ்பிரிட் இவற்றில் எது எதைக் கெடுக்கும் என்பது கைப்பிடியைப் பொறுத்தது. மரமும் அலுமினியமும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். குழப்பம் வருவது பழைய பிளாஸ்டிக்கில்தான். கட்டைவிரலால் ஓரிடத்தைச் சூடேறும்வரை வேகமாகத் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். காபோலிக் சவர்க்கார வாடை அடித்தால் பேக்கலைட். லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய இந்தப் பொருள் சூட்டுக்கு ஓரளவு தாங்கும். கற்பூர வாடை அடித்தால் செலுலாய்ட். அது கற்பூரம் சேர்த்தே செய்யப்படுவது, கற்பூரம் போலவே பற்றிக்கொள்ளவும் கூடியது. செலுலாய்ட் கைப்பிடியை அடுப்பங்கரைக்கே கொண்டுபோகாதீர்கள், ஆவியும் காட்டாதீர்கள்.

எருமைக் கொம்பில் செய்த கைப்பிடி தண்ணீரில் ஊறினால் படலம் படலமாகப் பிரியும். தந்தமோ எலும்போ என்றால் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சூடு பட்டால் வெடிக்கும். சில கைப்பிடிகள் நடுவில் வளையம் வைத்துத் திருகிக் கழற்றும்படி செய்யப்பட்டிருக்கும். அறுக்கவோ துளைக்கவோ முன் இரு கையாலும் பிடித்து மெதுவாகத் திருகிப் பார்ப்பது நல்லது.

மயிர் தேறுமா?

உலர்ந்த பிரஷ்ஷின் மயிரை விரல்களால் பிடித்து இலேசாக இழுங்கள். ஐந்தாறு மயிர் வந்தால் கவலையில்லை. கொத்தாக வந்தால் அடியில் பசை செத்துவிட்டது, அல்லது மயிர் அடியோடு இற்றுவிட்டது. முழு மயிர்க்கட்டும் ஆடினாலோ கழன்று கையில் வந்தாலோ அது நல்ல செய்தி. கட்டு உறுதியாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் திரும்ப ஒட்டிவிடலாம். நடுவில் வழுக்கை விழுந்திருந்தாலும், அடியில் கறுப்புப் பூஞ்சணம் ஊறியிருந்தாலும், பூச்சி அரித்து மயிர் வெவ்வேறு உயரத்தில் முறிந்திருந்தாலும் கட்டை மாற்றுவதே சரி. பூஞ்சணத்துக்கு வெளுக்கும் திரவம் ஊற்றிப் பார்ப்பது வீண் வேலை, மயிரும் கூடவே கரைந்துபோகும்.

கழுவுதல்

தேவைப்படுபவை இவை மட்டுமே: இளஞ்சூட்டுத் தண்ணீர், சாதாரண ஷாம்பூ, வினாகிரி, முடிக்குப் போடும் கண்டிஷனர், நெருக்கமான பல் கொண்ட சீப்பு, பழைய துவாய். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. அதிகச் சூடு மயிரை முறுக்கும், அடியில் இருக்கும் பழைய பசையையும் இளக்கும்.

ஆழமில்லாத கிண்ணத்தில் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு மயிரை மட்டும் ஊறவையுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. பத்து நிமிடம் கழித்து உள்ளங்கையில் ஷாம்பூ விட்டு, பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றுங்கள். அழுத்தி அரைக்க வேண்டாம். பழுப்பு நிறத்தில் நுரை வரும். அலசி, மறுபடியும் செய்யுங்கள். நுரை வெள்ளையாகும்வரை இது தொடரட்டும்.

அடிமயிரில் இன்னும் வெள்ளைப் படிவு இருந்தால் அது பெரும்பாலும் வன்னீரின் வேலை. கல்சியமும் மக்னீசியமும் நிறைந்த தண்ணீரில் சவர்க்காரம் கரையாத உப்பாக மாறி மயிரில் ஒட்டிக்கொள்கிறது. நம் மலைப்பக்கத்து ஊற்று நீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் இங்கேயே பாவித்த பிரஷ்ஷில் இது குறைவு. சுண்ணக்கல் நிலத்தடி நீரைக் குடிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிரஷ் என்றால் நிச்சயம் இருக்கும். மாத்தளை, திகனைப் பக்கத்தில் சலவைக்கல்லும் தொலமைட்டும் கிடைப்பதால் அங்குள்ள சில கிணறுகளிலும் இதே கதைதான். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து, மயிரை ஐந்து நிமிடம் மட்டும் பிடியுங்கள். தென்னை வினாகிரியே போதும். அலுமினியக் கைப்பிடியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படிந்த இடம் மங்கிவிடும். பிறகு மீண்டும் ஷாம்பூ, நல்ல அலசல்.

ஈரமாக இருக்கும்போதே சீப்பை நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடிநோக்கி இறங்கிச் சீவுங்கள். அடியிலிருந்து ஒரே இழுப்பில் சீவினால் நல்ல மயிரும் பிடுங்கிக்கொண்டு வரும். கடைசியாகக் கண்டிஷனரை இரண்டு நிமிடம் தடவி அலசிவிடுங்கள். பேட்ஜர் மயிர் நனைந்ததும் மிருக வாடை அடிப்பது இயற்கை. சில நாள் பாவனையில் அது தானாகப் போய்விடும். அதற்காக அத்தரோ ஓடிக்கொலோனோ ஊற்ற வேண்டாம்.

காயவைத்தல்: மலைநாட்டின் உண்மையான சோதனை

மற்ற ஊர்க்காரர்கள் எழுதிய வழிமுறைகளில் “ஒரு நாள் காயவிடவும்” என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ ஆனி மாதத்தில் ஒரு நாளில் காய்வதற்கு அது என்ன சேலைத் துணியா? கட்டின் உட்புறம் இறுகக் கட்டிப் பசையில் அமிழ்ந்த பகுதி. வெளி மயிர் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும்போதும் உள்ளே ஈரம் நிற்கும். அங்கிருந்துதான் பூஞ்சணமும் இற்றுப்போவதும் தொடங்குகின்றன.

நாள் பார்த்துச் செய்வது இதற்கு முதல் தீர்வு. திம்புள்ளைப் பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை வட்டாரத்தில் தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட மாதங்களில் வானம் வெளித்திருக்கும். தென்மேல் பருவமழை அந்தச் சரிவைப் பிடித்துக்கொள்ளும் வைகாசிக்குப் பிறகு இந்த வேலையைத் தொடாதிருப்பது நல்லது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாப் பக்கம் போனால் கணக்கு தலைகீழ். அங்கே யூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும், மழை வடகீழ்ப் பருவத்தோடு வரும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நினைவில் வைப்பது எளிது: அந்தந்தப் பக்கத்தில் தேயிலைக்கு நல்ல மணம் சேரும் மாதங்களே பிரஷ் காயவைக்கவும் உகந்த மாதங்கள்.

மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். கழுவியதும் பிரஷ்ஷை உதறி, துவாயில் பல தடவை ஒற்றுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். மயிர் விரிந்து கோணியிருந்தால் மெல்லிய பருத்தித் துணிப் பட்டையை அடியிலிருந்து நுனிவரை தளர்வாகச் சுற்றுங்கள். ஓர் இரவு அப்படியே இருந்தால் கட்டு பழைய வடிவுக்குத் திரும்பும். மறுநாள் துணியைக் கழற்றிவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நிமிர்த்தி வைப்பதா தலைகீழாகத் தொங்கவிடுவதா என்று பிரஷ் பிரியர்கள் ஓயாமல் வாதாடுவார்கள். காற்று நாலாபுறமும் படுகிறதா என்பதுதான் முக்கியம், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பது அல்ல. மின்விசிறி இருந்தும் மூன்று நாள்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சூடு கைப்பிடியை வெடிக்கவைக்கும், விறகுப் புகை மயிரில் ஏறினால் ஷேவ் செய்யும் ஒவ்வொரு காலையும் சமையலறை மணக்கும். ஹெயார் டிரையரும் வேண்டாம். பூட்டிய குளியலறையில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

கழன்ற கட்டை ஒட்டுதல், புதுக் கட்டு வைத்தல்

கட்டு முழுதாகக் கழன்று வந்திருந்தால் குழியில் உள்ள பழைய பசையைச் சிறு கத்தியால் சுரண்டி எடுங்கள். கட்டின் அடியையும் சுத்தம் செய்து, இரண்டையும் முற்றாகக் காயவிடுங்கள். அரல்டைட் போன்ற இரு குழாய்ப் பசையைச் சம அளவில் கலந்து குழியின் அடியிலும் சுவரிலும் மெல்லப் பூசுங்கள். கட்டைச் செருகும் முன் மயிரைச் சுற்றிக் கடதாசியைச் சுற்றிக்கொண்டால் பசை மயிரில் ஏறாது. பசை மயிரில் ஒரு தடவை ஊறிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. ஆகவே பசை குறைவாக இருப்பதே நல்லது. பிதுங்கி வந்ததை ஸ்பிரிட் தொட்ட துணியால் உடனே துடையுங்கள். செலுலாய்ட்டிலும் வார்னிஷ் பூசிய மரத்திலும் ஸ்பிரிட் வேண்டாம், உலர்ந்த துணி போதும். டப்பாவில் 24 மணித்தியாலம் என்று எழுதியிருந்தாலும் நுவரெலியாக் குளிரில் இரண்டு நாள் கொடுங்கள். குளிரில் இந்தப் பசை மெதுவாகவே இறுகும்.

மாற்றுவதென்றால் முதலில் பழைய கட்டை எடுக்க வேண்டும். பேக்கலைட், அலுமினியக் கைப்பிடிகளில் கெத்தல் வாய் ஆவியில் பதினைந்து, இருபது நிமிடம் காட்டினால் பழைய அரக்கும் குங்கிலியப் பசையும் இளகும். துணி சுற்றிய குறட்டால் கட்டைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்துப் பாருங்கள். ஆவிக்கு அசையாததையும், ஆவி காட்டக் கூடாத கைப்பிடியையும் துளைத்தே எடுக்க வேண்டும். மயிரைக் கைப்பிடி மட்டத்தில் வெட்டிவிட்டு, நடுவில் சிறிய ட்ரில் ஊசியால் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய ஊசிக்குப் போங்கள். குழியின் சுவருக்கு நெருங்கியதும் ட்ரில்லை வைத்துவிட்டு, மீதியைக் கத்தியாலும் அரத்தாளாலும் எடுங்கள். பழைய கைப்பிடிகளின் விளிம்பு முட்டை ஓடு போல மெல்லியது, ஒரு தடவை விரிசல் விட்டால் பிறகு பார்த்துப் பெருமூச்சு விடவே உதவும். ட்ரில் சூடேறினால் நிறுத்தி ஆறவிடுங்கள், செலுலாய்ட் என்றால் ட்ரில்லே வேண்டாம், கையாலேயே சுரண்டுங்கள். பேக்கலைட் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்து, தூளை நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

இனி அளவு. குழியின் விட்டம், ஆழம் இரண்டையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதுக் கட்டு குழியைவிட ஒரு மில்லிமீற்றர் சிறியதாக இருக்க வேண்டும். பழைய கைப்பிடிகளுக்கு 18 முதல் 22 மில்லிமீற்றர் விட்டமுள்ள கட்டு பொருந்தும். கைப்பிடிக்கு மேலே தெரியும் மயிரின் உயரம் 50 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் பெரும்பாலானோருக்குக் கைக்கு இதமாக இருக்கும். குறைத்தால் விறைக்கும், கூட்டினால் தளரும். குழி ஆழமென்றால் அடியில் மரத்துண்டோ வாஷரோ வைத்து உயர்த்துங்கள். பசை பூசும் முன் உலர்வாகவே பொருத்திக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.

தனிக் கட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்க மனமில்லாதவர்கள் மலிவான புது நைலோன் பிரஷ் ஒன்றை வாங்கி அதன் கட்டைக் கழற்றிப் போடலாம். இதைச் சொன்னால் பழைமைப் பிரியர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நம் ஈரத்தில் மற்ற எல்லா மயிரையும்விட விரைவாகக் காய்வது செயற்கை மயிர்தான் என்பதால் நான் தயங்காமல் அதையே சிபாரிசு செய்வேன். கட்டுக்கான பசையும் ட்ரில் ஊசியும் ஹார்ட்வெயார் கடையிலேயே கிடைக்கும். “முதலாளி, இந்தக் குழிக்குள்ளே போகிற மாதிரி வாஷர் இருக்கிறதா?” என்று கைப்பிடியையே கையில் கொண்டுபோய்க் கேளுங்கள், அளவு சொல்லி வாங்குவதைவிட அது சுலபம்.

கைப்பிடிக்கு மெருகு

இது கடைசியில்தான் வர வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன வேலைகளில் கீறல் விழும். பேக்கலைட்டும் அலுமினியமும் பித்தளை துலக்கும் பிராசோவைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே பளிச்சிடும். எழுத்துப் பொறிப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், நிறப்பூச்சு போய்விடும். கொம்புக்கு ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும். மரத்தை 400, பிறகு 800 இலக்க அரத்தாளால் இழையோட்டத்தின் திசையில் தேய்த்து, தூளைத் துடைத்து, தண்ணீர் தாங்கும் வார்னிஷ்ஷை மெல்லியதாக மூன்று பூச்சு கொடுங்கள். அரக்குப் பொலிஷ் அழகானதுதான், ஆனால் சுடுதண்ணீர் பட்டதும் வெளுத்துவிடும். குளியலறைச் சாமானுக்கு அது ஒத்துவராது.

முதல் நுரை

பன்றி மயிரை ஐந்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பேட்ஜருக்கு ஒரு நிமிடம் போதும். நைலோனுக்கு ஊறலே தேவையில்லை. முகத்துக்குப் போகும் முன் இரண்டு, மூன்று நாள் உள்ளங்கையில் வெறுமனே நுரை எழுப்பிக் கழுவிவிடுங்கள். புதுக் கட்டின் தளர்ந்த மயிர் அப்போதே உதிர்ந்துவிடும். நம் மென்னீரில் நுரை சட்டென்று பொங்கும். சவர்க்காரத்தைக் கொஞ்சமாகவே எடுங்கள், இல்லையென்றால் கிண்ணம் நிறைய நுரை பொங்கி வீணாகும்.

ஒவ்வொரு தடவையும் பாவித்த பின் அலசி, உதறி, துவாயில் துடைத்து, காற்றோட்டமுள்ள ஜன்னலோரத்தில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் பிரஷ் ஒரு காலையிலிருந்து மறு காலைக்குள் காயாது. அந்த மாதங்களில் இரண்டு பிரஷ்களை மாறிமாறிப் பாவிப்பதே வழி. பயணம் போகும்போது ஈரப் பிரஷ்ஷைப் பொலிதீன் பையிலோ மூடியிட்ட டப்பாவிலோ அடைக்காதீர்கள். கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் சில மணித்தியாலம் அடைபட்டாலே அந்த வாடை திரும்பிவிடும். துளையுள்ள டப்பாவோ ஒரு பருத்தித் துணியோ போதும்.